பொழுதறிந்து சூடிய மணம்: தென்பாண்டிச் சீமையில் மல்லிகை நறுமணத் தெரிவின் வரலாறு

நறுமணத்தைப் பொழுதுக்கும் மனநிலைக்கும் நிகழ்ச்சிக்கும் ஏற்பத் தெரிந்துகொள்ளும் வழக்கம், கண்ணாடிக் குப்பிகளில் அடைத்த வாசனைத் திரவியங்கள் கடைகளுக்கு வந்த பிறகே தோன்றியது என்ற எண்ணம் இன்று பரவலாக இருக்கிறது. பாண்டிய நாட்டின் பழைய இலக்கியங்களையும் கோயில் ஒழுங்குகளையும் ஊர்ச் சடங்குகளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவர்க்கு, எந்தப் பூவை, எந்தப் பருவத்தில், எந்த வேளையில், யார் பொருட்டுச் சூடுவது என்ற தெளிவான நெறி இந்நிலத்தில் நெடுங்காலமாக வழங்கி வந்திருப்பதும், அந்நெறியின் நடுவில் மல்லிகை இனத்துப் பூக்கள் நின்றிருப்பதும் புலப்படும். அந்த நெறி எவ்வாறு உருவாயிற்று, எங்கே செம்மையுற்றது, எங்கே பிழைபட்டது, இன்று மல்லிகை மணமுள்ள ஒரு திரவியத்தைத் தெரிந்தெடுப்பவருக்கு அது என்ன கற்பிக்கிறது என்பனவே இக்கட்டுரையின் பொருளாகும்.

நிலமும் பூவும்

இந்நெறி வழங்கிய நிலத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு, சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடையில் அமைந்து, ஒரு காலத்தில் ஜமீன் ஊராக விளங்கிய இளையரசனேந்தல். இப்பகுதியின் பெரும்பாலான நிலம் கரிசல் ஆகும். கரிசல் மண் மழைநீரை நெடுநாள் பிடித்துவைத்துக் கொள்ளும் தன்மையது. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் ஆகிய மானாவாரிப் பயிர்களுக்கு அது உகந்தது. மல்லிகையோ வேரடியில் நீர் தேங்குவதைப் பொறுக்காத செடி ஆகையால், நீர் நன்கு வடியும் செம்மண்ணும் மணல் கலந்த வண்டலும் கிணற்றுப் பாசனமும் உள்ள இடங்களிலேயே செழிக்கிறது. இந்த மண் வேறுபாட்டால், சங்கரன்கோவிலைச் சூழ்ந்த தோட்டக்கால் நிலங்களில் பூ விளைந்து சந்தைக்கு வருவதும், கரிசல் ஊர்கள் அச்சந்தையின் பூவை முழக்கணக்கில் வாங்கிச் சூடுவதுமான ஓர் உறவு இரு வகை நிலங்களுக்கும் இடையே அமைந்தது.

விலை கொடுத்து வாங்கும் பூ என்பதால், கரிசல் ஊர்களில் பூச்சூடுதல் அன்றாடச் செயலாக இருந்ததை விட நாள் பார்த்துச் செய்யும் செயலாகவே பெரிதும் இருந்தது. வெள்ளிக்கிழமை, கோயில் கொடை நாள், முகூர்த்த நாள், ஊர்ப் பயணம் என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பூ, எந்தப் பூ என்ற வரையறை உருவானதற்கு இந்தப் பொருளியல் நிலை முக்கியமான காரணம் எனலாம்.

மூன்று மல்லிகைகள், மூன்று மணங்கள்

மல்லிகை மணம் என்று ஒருமையில் சொல்லப்படுவது உண்மையில் பல மணங்களின் தொகுதியாகும். தமிழ்நாட்டில் பெருமளவில் பயிராகும் இனங்கள் மூன்று. முதலாவது, குண்டுமல்லி என்றும் மதுரை மல்லி என்றும் வழங்கும் ஜாஸ்மினம் சம்பக். தடித்த இதழும் உருண்ட மொட்டும் உடையது. இரண்டாவது, பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் வழங்கும் ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். நீண்ட காம்பும், மொட்டின் புறத்தில் இளஞ்சிவப்புச் சாயலும் உடையது. மூன்றாவது முல்லை, அதாவது ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம். சிறிய, கூரிய மொட்டுகளை உடையது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முல்லையில் வெளியிட்ட இரகங்களுள் ஒன்றுக்கு, முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளல் பாரியை நினைவூட்டும் பாரிமுல்லை என்ற பெயர் இடப்பட்டுள்ளது.

இம்மூன்றின் மணமும் வேறுபடுவதற்கு அவற்றிலுள்ள வேதிப்பொருள்களின் அளவு வேறுபாடே காரணம். பழத்தின் இனிமையைத் தரும் பென்சைல் அசிட்டேட், பூந்தன்மையும் தெளிவும் தரும் லினலூல், திராட்சையையும் நாரத்தைப் பூவையும் நினைவூட்டும் மெத்தில் ஆந்த்ரனிலேட், மிகச் சிறிய அளவில் ஆழமும் அளவு மீறினால் அழுகல் நாற்றமும் தரும் இன்டோல், பிச்சிக்குத் தனித்தன்மை தரும் சிஸ்-ஜாஸ்மோன் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. குண்டுமல்லியில் இலைப் பசுமையும் இனிமையும் கலந்த கிளர்ச்சி மேலோங்கி நிற்க, பிச்சியில் கனிந்த பழத்தின் கனமும் அடர்த்தியும் மேலோங்குகின்றன. முல்லையின் மணம் இவ்விரண்டினும் மெல்லியது.

இம்மலர்களுக்குப் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. மாலையிலும் இரவிலும் அவிழும் இவை, பறித்த பின்னும் பல மணி நேரம் மணத்தைத் தொடர்ந்து உண்டாக்கி வெளியிடுகின்றன. விடியற்காலையில் பறித்த மொட்டு அன்று மாலை சூடியவர் தலையிலேயே மலர்வதும், எள்ளிலும் கொழுப்பிலும் இம்மணத்தைப் பிடித்துவைக்க முடிந்ததும் இந்த இயல்பினால்தான். பூவின் பருவங்களை அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என ஏழாகப் பகுத்த தமிழ் மரபு, மணம் நேரத்தோடு மாறுவது என்பதை நுணுகி அறிந்திருந்தது.

பொழுது காட்டிய பூ

சங்க இலக்கியத்தில் முல்லை ஒரு பூவின் பெயராக மட்டுமன்றி, காடும் காடு சார்ந்த இடமுமாகிய திணையின் பெயராகவும் நிற்கிறது. அத்திணைக்குரிய பெரும்பொழுது கார்காலம், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல், அதாவது பிரிந்து சென்ற தலைவன் வரும்வரை தலைவி ஆற்றியிருத்தல். பூ அவிழும் பருவமும் வேளையும் மனத்தின் நிலையும் ஒரே சட்டகத்துள் இவ்வாறு வைக்கப்பட்டமையால், முல்லையின் மணம் தமிழ் இலக்கியத்தில் காத்திருத்தலின் மணமாகவே நிலைபெற்றது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டில், போருக்குச் சென்ற தலைவனின் வரவை அறிய முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று, நெல்லோடு முல்லைப் பூவைத் தூவித் தொழுது நற்சொல் கேட்டு நிற்கின்றனர். இதனை விரிச்சி கேட்டல் என்பர்.

பருவத்துக்கு ஏற்ப மணத்தை மாற்றிக்கொண்ட வழக்கத்துக்கு மிகத் தெளிவான சான்று, பாண்டியன் நெடுஞ்செழியன் மேல் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை ஆகும். அடைமழையும் வாடைக் காற்றும் சூழ்ந்த நாளில் கதிரவன் மறைந்ததை அறிய வழியின்றி, மகளிர் பூந்தட்டில் இட்ட பிச்சி மொட்டுகள் அவிழ்ந்து மணப்பதைக் கொண்டே மாலை வந்ததை உணர்ந்து, விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவி வழிபடுகின்றனர். அதே பாட்டில், குளிர் மிகுந்ததால் குளிர்ச்சி தரும் சந்தனம் தேய்ப்பாரின்றி அரைக்கும் கல்லோடு ஒதுங்கிக் கிடக்கிறது; மகளிர் நிறைந்த மாலைகளைத் தவிர்த்துக் கூந்தலில் சில மலரை மட்டும் சூட விரும்பி, தகர விறகில் நெருப்பிட்டு, அகிலோடு வெள்ளயிர் எனப்படும் வெள்ளைக் கண்டசருக்கரை சேர்த்துப் புகையூட்டுகின்றனர். வெயிலுக்குச் சந்தனமும் குளிருக்கு அகிற்புகையும், நிறைந்த மாலைக்கு ஈடாக அளந்து சூடிய சில மலருமாக அமைந்த இந்தத் தெரிவு, நறுமணத்தைப் பருவத்தோடு பொருத்திப் பார்த்த முதிர்ந்த சுவையறிவின் வெளிப்பாடு என்பதில் ஐயமில்லை.

துயரத்துக்குரிய நெறியும் அக்காலத்திலேயே வகுக்கப்பட்டிருந்தது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய புறநானூற்றுப் பாடல், வீரரும் மகளிரும் பாணரும் பாடினியும் எவரும் இனிச் சூடப்போவதில்லை என்ற நிலையிலும் முல்லை பூத்திருப்பதை நோக்கி வருந்துகிறது. இங்கே துக்கம் ஊர் முழுவதற்கும் பொதுவானது. பூவைத் துறப்பதும் ஆண், பெண், கலைஞர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் பொதுவானது. மனநிலைக்கு ஏற்ப மணத்தைத் தெரிந்தவர்கள், மணமே வேண்டாத வேளையையும் தெரிந்திருந்தனர்.

கூட்டி அமைத்த மணம்

பூவை அப்படியே சூடுவதைக் கடந்து, பல பொருள்களைக் கூட்டி மணம் அமைக்கும் கலை நகரங்களில் வளர்ந்தது. மதுரைக்காஞ்சியின் கடைத்தெருவில் பலர் கூடி இடித்த நறுஞ்சுண்ணம், அதாவது வாசனைப் பொடி விற்போர் இடம்பெறுகின்றனர். சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்திலும் வண்ணக் குழம்பு, சுண்ணப் பொடி, சந்தனம், பூ, புகைப்பொருள் முதலியவற்றை விற்போர் வீதிகளில் திரிகின்றனர். நறுமணம் தனி வணிகமாக வளர்ந்திருந்ததை இவை காட்டுகின்றன.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், இந்திர விழாவின் முடிவில் ஊடிய கோவலன் உவக்கும்படி மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் பகுதி, மனநிலையை மாற்றும் பொருட்டு மணம் தெரிந்தெடுக்கப்பட்டதற்குச் சிறந்த சான்று. அவள் பத்துவகைத் துவர், ஐந்துவகை விரை, முப்பத்திருவகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நன்னீரில் கூந்தலைக் கழுவி, புகையில் உலர்த்துகிறாள். துவர் என்பது நாவல், கடுக்காய், நெல்லி, தான்றி, ஆல், அரசு முதலிய துவர்ப்புப் பொருள்களின் தொகுதி. விரை என்பது கொட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம் ஆகிய ஐந்து வாசனைப் பொருள்கள். ஓமாலிகை என்பது நீராட்டுக்குரிய வாசனைச் சரக்குகளின் கூட்டு. முதலில் அழுக்கும் எண்ணெயும் நீக்கும் துவர், அதன்மேல் நீடித்து நிற்கும் மரப்பிசின் மணங்கள், முடிவில் பூ என்று படிப்படியாக அமைந்த இந்த ஒழுங்கு, அடிமணத்தின் மேல் பூ மணத்தை ஏற்றும் இன்றைய வாசனைத் தொழில்நுட்பத்தோடு ஒப்பிடத்தக்கது. பின்னர், பிரிந்த கோவலனுக்கு இளவேனிற் காலத்தில் அவள் விடுத்த ஓலையும் தாழம்பூவின் மடலில், செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்த பிச்சி முகையையே எழுத்தாணியாகக் கொண்டு எழுதப்படுகிறது. ஊடல் தணிக்கவும் பிரிவை உணர்த்தவும் வெவ்வேறு மணங்கள் கையாளப்பட்டமை இக்காப்பியத்தில் இவ்வாறு பதிவாகியுள்ளது.

கோயிலின் பூ ஒழுங்கு

இடைக்காலத்தில் நறுமணத் தெரிவின் நெறியை நிலைநிறுத்திய நிறுவனம் கோயிலாகும். இறைவனுக்குச் சாத்தும் மாலை திருப்பள்ளித்தாமம் என்றும், அதற்குரிய பூந்தோட்டம் திருநந்தவனம் என்றும், தோட்டத்தைப் பராமரிக்க விடப்பட்ட நிலம் திருநந்தவனப்புறம் என்றும் கல்வெட்டுகளில் குறிக்கப்படுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், இறைவனின் திருமஞ்சன நீரில் இடுவதற்கு ஏலம், சண்பக மொட்டு, இலாமிச்சை வேர் ஆகியவற்றைக் குறிப்பிடுகின்றன. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம், இறைவன் நீராட வாசனைப் பொடி இடிக்கும் மகளிரின் செயலைச் சுற்றியே அமைக்கப்பட்டுள்ளது. நீருக்கு ஒரு மணம், பொடிக்கு ஒரு மணம், மாலைக்கு ஒரு மணம் என்ற பகுப்பு இவ்வாறு வழிபாட்டின் அங்கமாயிற்று.

சங்கரன்கோவிலுக்கு வடக்கே உள்ள திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் அமைத்துத் தொடுத்த மாலையை ஆண்டாள் சூடிக் கொடுத்த வரலாறு, பூவின் மணத்தை அன்பின் அடையாளமாகத் தமிழ் மக்களின் மனத்தில் பதித்தது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை, மதுரைச் சித்திரைத் திருவிழாவின்போது அழகருக்கும், திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் இன்றும் அனுப்பப்படுகிறது. சங்கரன்கோவில் சங்கரநாராயண சுவாமி கோயிலில் சிவனும் திருமாலும் ஒரே திருமேனியாக நிற்கின்றனர். அவர்களை அவ்வாறு காண வேண்டிக் கோமதி அம்மன் தவமிருந்ததை ஆடித்தபசுத் திருவிழா கொண்டாடுகிறது. சிவனுக்கு வில்வமும் திருமாலுக்குத் துளசியும் உரியவை என்ற மரபில், ஒரு சந்நிதியிலேயே இரு மணங்களுக்கும் இடம் உண்டாகிறது. சிவ வழிபாட்டில் தாழம்பூ விலக்கப்படுவதும், இரவில் நிகழும் பள்ளியறைப் பூசைக்கு மல்லிகை சிறப்பாகக் கொள்ளப்படுவதும், இடமும் வேளையும் அறிந்து மணத்தைத் தெரியும் நெறியின் வெளிப்பாடுகளே.

எள்ளில் ஏறிய மணம்

பூவின் மணத்தைப் பூ வாடிய பின்னும் காத்துவைக்கும் முயற்சியில் இந்தியத் துணைக்கண்டம் இரண்டு வழிகளைக் கண்டது. முதல் வழியில், எள்ளையும் மல்லிகைப் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, வாடிய பூவை நீக்கிப் புதுப் பூவைப் பலமுறை இட்டு, மணம் ஏறிய எள்ளைச் செக்கில் ஆட்டி நெய் எடுத்தனர். வட இந்தியாவில் சமேலி எண்ணெய் என்று புகழ்பெற்றது இவ்வாறு செய்யப்பட்ட பிச்சி எண்ணெயே. இரண்டாம் வழி, உத்தரப் பிரதேசத்தின் கன்னோசி நகரில் நிலைபெற்ற அத்தர் வடிப்பாகும். டேக் எனும் செப்புப் பானையில் பூவையும் நீரையும் இட்டுச் சூடேற்றி, எழும் ஆவியை மூங்கில் குழாய் வழியே பப்கா எனும் கலத்தில் உள்ள சந்தன எண்ணெயில் செலுத்தி மணத்தைப் பிடிப்பது அம்முறை. நறுமணக் கலவைகளுக்கு ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத்சம்கிதை ஒரு தனி இயலை ஒதுக்குகிறது. அக்பர் கால நிர்வாக நூலாகிய அயினி அக்பரியும் அரண்மனையின் வாசனைப் பொருள்களையும் மணமலர்களையும் விரிவாகப் பட்டியலிடுகிறது.

தென்னகத்துக்கு அத்தர் வந்தபோது, சந்தனத்தின் மேல் மல்லிகை என்ற சேர்க்கை இங்குள்ளவர்க்குப் புதிதாக இருக்கவில்லை. ஆல்ககால் கலவாத எண்ணெய் ஆகையால், தொழுகைக்குச் செல்லும் முஸ்லிம்கள் வெள்ளிக்கிழமையிலும் பெருநாளிலும் அதனைப் பூசிக்கொண்டனர். நாகூர் சந்தனக்கூடு போன்ற விழாக்களில் சந்தன மணம் வழிபாட்டோடு இணைந்தது. திருமண வீட்டின் வாசலில் விருந்தினர் மேல் பன்னீர்ச் செம்பால் பன்னீர் தெளித்துச் சந்தனமும் பூவும் தருவது, மணத்தால் வரவேற்கும் வழக்கமாகச் சமய வேறுபாடின்றிப் பரவியது.

சந்தையும் சடங்கும்

இருபதாம் நூற்றாண்டில் பேருந்துப் போக்குவரத்து பெருகியபோது பூ வணிகத்தின் எல்லை விரிந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தின் தங்கச்சிமடம் மல்லிகை நாற்றுக்குப் பெயர்பெற்றது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, மதுரை, திண்டுக்கல், சங்கரன்கோவில் ஆகிய ஊர்களின் சந்தைகள் கேரளம் வரை பூ அனுப்பும் மையங்களாயின. குண்டுமல்லி கோடையில் மிகுதியாகப் பூத்து, மார்கழி, தை மாதப் பனியில் குறைந்துவிடுகிறது. தை முகூர்த்தங்கள் பிறக்கும் வேளையில் வரத்து குறைவாக இருப்பதால் விலை பன்மடங்கு உயர்கிறது. பூவின் விலை வானிலையையும் பஞ்சாங்கத்தையும் ஒருசேரப் பின்பற்றுவது இதனால்தான்.

தொடுக்கும் முறையும் நிகழ்ச்சிக்கு ஏற்ப மாறியது. வாழைநாரில் நெருக்கிக் கட்டிய மல்லிகைச் சரம் கூந்தலுக்கும், மரிக்கொழுந்தும் கனகாம்பரமும் இடைமிடைந்த கதம்பம் சாமிப் படத்துக்கும் விழாவுக்கும், பின்னலை முழுதும் மூடிய பூஞ்சடை சடங்குக்கும் மணக்கோலத்துக்கும் உரியவாயின. பெண் பூப்பெய்திய நாள், திருமணத்தை உறுதிசெய்யும் பூவைத்தல், மணமேடை, கருவுற்ற மாதங்களில் நிகழும் வளைகாப்பு என்று பெண்ணின் வாழ்க்கை முழுவதையும் பூவே குறித்துக்காட்டியது.

அந்த அடையாளமே ஒரு பெருந்தீங்குக்கும் கருவியாயிற்று. கணவனை இழந்த பெண்ணின் தலையிலிருந்து பூவை நீக்கி, அவள் வாழ்நாள் முழுதும் அதனைச் சூடாதவாறு தடுத்த வழக்கம், பூவின் மணத்தை ஒருவரது மனத்தின் விருப்பிலிருந்து பிரித்து, அவரது கணவனின் உயிரோடு கட்டிவைத்தது. கைம்மை நோன்பின் கடுமை சங்க காலத்திலேயே இருந்ததைப் புறநானூறு காட்டுகிறது. ஆயினும் பெருஞ்சாத்தனுக்காக ஊரே பூவைத் துறந்த துயரத்துக்கும், ஒரு பெண்ணை மட்டும் இறுதிவரை பூவின்றி நிறுத்திய கட்டளைக்கும் இடையே உள்ள தொலைவு பெரியது. முன்னது துயருற்றோர் தாமே மேற்கொண்ட அடக்கம். பின்னது பிறர் விதித்த தண்டனை. நறுமணத் தெரிவின் வரலாற்றில் தெரிவே மறுக்கப்பட்ட இப்பகுதியை மறைக்காமல் சொல்வது வரலாற்றாசிரியரின் கடமையாகும்.

கடல் கடந்த மல்லிகை

ஐரோப்பாவில் மல்லிகை நறுமணத்தின் தலைநகராக விளங்கியது தெற்குப் பிரான்சின் கிராஸ் நகரம். அங்கே மணமற்ற கொழுப்பைக் கண்ணாடித் தட்டில் பூசி, அதன்மேல் பூவைப் பரப்பி, நாள்தோறும் மாற்றி மணமேற்றும் முறை வழங்கியது. அடிப்படையில் எள்ளுக்கு மணமேற்றிய இந்திய முறையோடு ஒத்தது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரைப்பான் கொண்டு மணத்தைப் பிரிக்கும் முறை வந்தது. பூவை ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்துக் கிடைக்கும் மெழுகு கலந்த பொருள் கான்கிரீட் எனப்படுகிறது. அதனை ஆல்ககாலில் கரைத்து மெழுகை நீக்கினால் கிடைப்பது அப்சலூட் எனும் தூய சாரம். ஆயிரம் கிலோ பூவிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோ கான்கிரீட்டே கிடைக்கும். அதிலும் ஏறக்குறைய பாதிதான் அப்சலூட்டாகத் தேறும்.

1921இல் வெளிவந்த ஷனெல் எண் 5, கிராஸ் மல்லிகையைத் தன் கலவையின் முக்கியப் பகுதியாகக் கொண்டது. 1930இல் ழான் பட்டு நிறுவனம் வெளியிட்ட ஜாய், ஒரு சிறு குப்பிக்கு 10,600 மல்லிகைப் பூக்கள் செலவாவதாக அறிவித்தே புகழ்பெற்றது. 1966இல் வந்த ஓ சோவாஜ், மல்லிகையில் நுண்ணளவில் காணப்படும் ஒரு பொருளைத் தழுவிச் செயற்கையாக உருவாக்கப்பட்ட ஹெடியோன் எனும் மூலப்பொருளைப் பயன்படுத்தி, ஆடவருக்கான திரவியத்தில் மெல்லிய, காற்றோட்டமான மல்லிகைச் சாயலை அறிமுகப்படுத்தியது. சங்க காலத்தில் ஆடவரும் முல்லை சூடினர் என்பதை நினைத்தால், இந்த மணத்துக்கு ஆண், பெண் என்ற எல்லை பிற்காலத்தில்தான் வகுக்கப்பட்டது என்பது தெளிவாகும்.

கிராஸில் நிலமும் கூலியும் விலையேறியபோது உற்பத்தி எகிப்துக்கும் இந்தியாவுக்கும் நகர்ந்தது. இன்று தமிழ்நாட்டின் மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம் பகுதிகளின் மல்லிகையிலிருந்து எடுத்த சாரம் உலகின் முன்னணி வாசனைத் திரவியங்களில் கலக்கிறது. சாரம் எடுப்பதற்கான பிச்சி, விரிந்த மலராக அதிகாலையில் பறிக்கப்படுகிறது; குண்டுமல்லியோ மொட்டாகப் பறிக்கப்பட்டு, ஆலையில் மாலை வரை வைத்து மலர்ந்த பின்னரே கரைப்பானில் இடப்படுகிறது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருள் தான் விளையும் இடத்தால் பெறும் தனித்தன்மைக்கான சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

தெரிவின் நெறி

இவ்வரலாற்றிலிருந்து இன்றைய தெரிவுக்கு உரிய சில நெறிகள் கிடைக்கின்றன. முதலாவது, குப்பியில் உள்ளது எந்த மல்லிகை என்பதை அறிதல். சம்பக் வகையை அடிப்படையாகக் கொண்டது பசுமையும் உற்சாகமும் உடையதாகையால் மாலை நேரத்து உறவினர் கூட்டத்துக்கும் மகிழ்ச்சியான மனநிலைக்கும் ஏற்றது. கிராண்டிஃப்ளோரம் வகை கனமானதாகையால் இரவு வரவேற்புக்கும் பட்டாடைக்கும் பொருந்தும். அலுவலகம், வகுப்பறை, பேருந்துப் பயணம் போன்ற நெருக்கமான இடங்களுக்கு முல்லையை ஒத்த மெல்லிய கலவையே பண்பானது.

இரண்டாவது, பருவத்தை அறிதல். வெப்பம் மணத்தை விரைந்து ஆவியாக்கிப் பெருக்குவதால், அக்கினி நட்சத்திர நாட்களில் சாரம் குறைந்த ஓ டி கொலோன் அல்லது ஓ டி டாய்லெட் வகை போதுமானது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் மார்கழிப் பனிக்கும் அகில் போன்ற மர மணங்களின் மேல் அமைந்த மல்லிகையும், உடலோடு ஒட்டி நிற்கும் அகில் அத்தரும் பொருந்தும். நெடுநல்வாடையின் மகளிர் சந்தனக் கல்லை ஒதுக்கி அகிலை நாடியதும் இதே அறிவினால்தான்.

மூன்றாவது, இடத்தை அறிதல். வழிபாட்டிடத்தில் பூவும் சந்தனமும் புகையும் ஏற்கனவே நிறைந்திருப்பதால், அங்கே செல்பவர் பூசும் மணம் மிகக் குறைவாக இருத்தல் நலம். கூந்தலில் மெய்யான மல்லிகை இருக்கும்போது அதன்மேல் வேறொரு மல்லிகைத் திரவியத்தைப் பூசினால் இரண்டும் கெடும். சந்தன அத்தர் ஒரு துளி மணிக்கட்டில் இட்டால் பூவின் மணம் தாங்கி நிற்கும். துக்க வீட்டுக்கு மணமின்றிச் செல்வது சங்க காலம் தொட்டு வந்த நாகரிகம்; நோயாளியைக் காணச் செல்லும்போதும் அதுவே நலம்.

நான்காவது நெறி மற்ற மூன்றுக்கும் அடிப்படையானது. மணத்தைத் தெரியும் உரிமை அதனை அணிபவருக்கே உரியது. கணவனை இழந்தவர், மணமாகாதவர், முதியவர், ஆடவர் என்ற எந்த நிலையும் ஒருவருக்குப் பூவையோ அதன் மணத்தையோ மறுக்கும் காரணமாகாது. பருவத்தையும் பொழுதையும் இடத்தையும் நுட்பமாக அறிந்த மரபு, மனிதரின் மனத்தை அறியத் தவறிய இடம் இது ஒன்றே. அத்தவற்றைத் திருத்தும்போதுதான் அம்மரபு முழுமை பெறும். இளையரசனேந்தலிலும் அதனைப் போன்ற ஊர்களிலும் இன்னும் பூ மறுக்கப்பட்டிருக்கும் தாய்மார் இருந்தால், அவர்கள் விரும்பும் மல்லிகையை அவர்கள் கையில் தருவது அவரவர் வீட்டாரின் கடமையாகும்.